கருங்கிடாரமும் கதைத் தலைவனும்

முன்னோர் ஒருவர் செய்த நூலைப் பின்வந்தார் ஒருவர் எடுத்து வேறோர் உருவில் ஆக்கிக் கொள்ளுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. அதனை வழிநூல் என வகுத்து, அதற்கு இலக்கணமும் கூறிப் போந்தனர் நம் ஆசிரியர். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என அதன் வகையைத் தொல்காப்பியர் நான்காக எண்ணினார். முதல்நூலின் முடிபோடு ஒத்துச் செல்லுதலும், வேண்டுமிடத்துத் தன் வேறுபாட்டைப் புகுத்துதலும் வழிநூலாசிரியனுக்கு உரியன என்பது பவணந்தியார் கருத்து. ஆகவே, முதல்நூலை மாற்றினான் என்பது ஒன்றையே கொண்டு ஒருவனைக் குறைகூற எம்மனோர்க்கு இயலாது. வான்மீகியை மாற்றிய கம்பனைத் தலைமேற் கொண்டு போற்றுகின்றோம் அன்றோ? வழிநூலாசிரியனிடம் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: மாற்றியதனாற் பெற்றது யாது? இழந்தது யாது?

இவ்வினாவை அமெரிக்கச் சித்திரப் படம் ஒன்றின்மேல் வைத்து ஆராயக் கருதினோம். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் படத்தைப் பற்றிப் பண்டிதர்க்கு என்ன பேச்சு என்று சிலர் நகைக்கலாம். நம் மாணாக்கரிற் பலர் பெருங்கதைகளை ஏட்டில் அறியுமுன் திரையில் அறிகின்றனர். அத்திரை இன்று கைக்குள் அடங்கும் பேசியிலும் வந்துவிட்டது. திரையிற் கண்டதே கதை என்று அவர் கொள்வராயின், கதையொன்று ஓர் இளைஞனுக்குச் செய்யவல்ல நன்மை எவ்வளவு, அதிற் குறைந்துபோனது எவ்வளவு என்பதை அளந்து காட்டும் கடமை ஆசிரியர்க்கு உண்டு.

படத்தின் பெயர் ‘தி பிளாக் கோல்ட்ரன்’. திருவிழாக் காலத்தில் மடங்களிற் சோறாக்கும் பெருங்கலத்தைக் கிடாரம் என்பது நம் வழக்கு. அவ்வழக்குப் பற்றிப் படத்தைக் ‘கருங்கிடாரம்’ என்றே இங்குக் குறிப்போம். 1985 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வோல்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட இப்படம், அந்நிறுவனத்தின் நெடுஞ்சித்திரப் படங்களுள் 25 ஆவது. ஜோ ஹேல் தயாரிக்க, டெட் பேர்மன், றிச்சட் றிச் என்னும் இருவர் நெறியாண்டனர். செலவு 4 கோடி 40 இலட்சம் டொலர் என்பர். அமெரிக்க நாட்டில் திரும்பி வந்த வசூலோ அதிற் பாதியையும் எட்டவில்லை. மழலையர்க்கென அதே ஆண்டில் வெளிவந்த ‘கெயார் பெயார்ஸ்’ என்னும் கரடிக்குட்டிப் படம் அதனினும் சற்று மிகுதியாக ஈட்டியது. வசூலைக் கொண்டு கலையை அளத்தல் தகாது. ஆயினும் இத்தோல்வியின் காரணம் கணக்கேட்டில் அன்று, கதையிலேயே கிடக்கின்றது என்பதே நாம் காட்டக் கருதியது.

இதற்கு முதல்நூல், லொயிட் அலெக்சாந்தர் (1924–2007) என்னும் அமெரிக்க எழுத்தாளர் சிறுவர்க்கென இயற்றிய பிரிடைன் நாட்டுக் கதைகள். 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நூல்கள் வெளிவந்தன. இறுதி நூலாகிய ‘உயர் மன்னன்’ 1969 இல் நியூபரிப் பதக்கம் பெற்றது. படம் முதலிரு நூல்களையே பெரிதும் பற்றிச் செல்கின்றது.

அலெக்சாந்தர் தாமும் ஒரு வழிநூலாசிரியரே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரராக வேல்ஸ் நாட்டிற் சிலகாலம் தங்கிய அவர், அந்நாட்டின் பழங்கதைத் தொகுதியாகிய மபினோகியனிலிருந்து பெயர்களையும் பொருள்களையும் எடுத்துக்கொண்டார். கிடாரமும் அங்கு உள்ளதே. போரில் இறந்த வீரரை அதனுள் இட்டால் மறுநாள் உயிர்பெற்று எழுவர். ஆனாற் பேச்சு மட்டும் மீளாது. அக்கதையில் எவ்னிசியன் என்பவன் செய்யாத தீமை இல்லை. ஈற்றில் தன்னால் விளைந்த அழிவைக் கண்டு நெஞ்சு பொறாது, பிணங்களுள் ஒரு பிணம்போற் கிடந்து, கிடாரத்தினுள் எறியப்பட்டு, உள்ளிருந்தே உடலை நிமிர்த்தி அதனைப் பிளக்கின்றான். உடன் அவன் நெஞ்சும் பிளந்து மாய்கின்றான். பழங்கதையின் உயிர்நிலை இதுவே. உயிரற்றதை நடமாடச் செய்யும் கலத்தை, உயிருள்ளவன் தன் உயிரைக் கொடுத்தே உடைத்தல் வேண்டும்.

அலெக்சாந்தர் இவ்வுயிர்நிலையைக் கைவிடவில்லை. எவ்னிசியனுக்கு ஈடாக எலிடிர் என்னும் வறிய அரசகுமாரனைப் படைத்தார். செருக்கும் பொறாமையும் உள்ளத்தை அரிக்க, உடன் வந்தாரை இகழ்ந்து திரிந்த அவன், முடிவில் தானே கிடாரத்தினுட் புகுந்து அதனை உடைத்து மாய்கின்றான். நெடுகிலும் நம் வெறுப்பைத் தேடிக்கொண்டவன் ஒரு கணத்தில் நம் கண்ணீரைப் பெறுகின்றான். பெயரும் சூழலும் மாறின, பொருள் மாறவில்லை. வழிநூலுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

கதைத் தலைவனாகிய தாரனை அலெக்சாந்தர் எவ்வாறு வளர்த்தார் என்பதையும் நோக்குவோம். பெற்றோர் இன்னாரென அறியாத சிறுவன் அவன். குறிசொல்லும் பன்றியொன்றைக் காக்கும் பணிக்கு உதவியாள். வீரனாதல் வேண்டும், புகழ் பெறுதல் வேண்டும் என்பது அவன் கனவு. முதல் நூலின் முடிவில், உரிமையுடையார் மட்டுமே உறை கழிக்கத்தக்க மந்திர வாளை அவன் அவசரத்தில் உருவ முயல்கின்றான். வாள் அவனைச் சுட்டு வீழ்த்துகின்றது. பகைவனாகிய கொம்புடை மன்னனை வெல்பவன் தாரன் அல்லன், குவிடியன் என்னும் மூத்த வீரன். சிறுவன் முதலிற் கற்பது தன் அளவை.

இரண்டாம் நூலிற் கற்பது இன்னும் அரியது. அடேயன் என்னும் சான்றோன் இறக்குந் தறுவாயில் ஓர் அணியைத் தாரனுக்கு அளித்துச் செல்கின்றான். அதனை அணிந்த நாள்தொட்டு அவனுக்கு வருபொருள் உணரும் அறிவு வாய்க்கின்றது. காற்றின் ஒலியும் நிலத்தின் குறிப்பும் விளங்குகின்றன. அவன் கனவு கண்ட பெருமை கைகூடிய வேளை அது. அவ்வேளையிலேயே சதுப்புநிலத்து மூதாட்டியர் மூவர் கிடாரத்துக்கு விலையாக அவ்வணியைப் பெறுகின்றனர். தாரன் கொடுத்துவிடுகின்றான், கொடுத்தபின் பழைய தாரனாகவே நிற்கின்றான். அஃது அமையாதென, ஆற்றிற் சிக்கிய கிடாரத்தை மீட்க எலிடிரின் உதவி வேண்டியபோது, அதனைக் கண்டெடுத்த புகழ் முழுவதையும் அவனுக்கே விட்டுக்கொடுக்க உடன்படுகின்றான். முதலில் அறிவை இழந்தான். பின்னர்ப் புகழையும் இழந்தான். இரண்டையும் இழந்தபின் எஞ்சி நிற்பவனே தலைவன். பின்வரும் நூலொன்றில் அவன் கொல்லனிடமும் நெசவுகாரியிடமும் குயவனிடமும் தொழில் கற்று, தான் மிக விரும்பிய குயத்தொழில் தனக்கு வாய்க்காது என்று உணரும் பகுதி, இவ்வளர்ச்சியின் தொடர்ச்சியே.

இனிப் படத்துக்கு வருவோம். படத்துத் தாரனும் வீரனாகக் கனவு காண்கின்றான்; தடியை வாளாகக் கொண்டு ஆட்டோடு பொருகின்றான்; கனவில் மூழ்கிப் பன்றியைத் தொலைக்கின்றான். இதுவரை குறையில்லை. பகைவன் கோட்டையுட் புகுந்ததும் நிலத்தறையிற் புதைந்த மன்னன் ஒருவனின் வாள் அவன் கைக்கு வருகின்றது. அவ்வாள் தானே ஒளிவீசி, தானே பொருது, பகைவர் படைக்கலங்களைத் தானே முறிக்கின்றது. முதல்நூலில் தகுதியற்ற கையைச் சுட்ட வாள், படத்தில் எக்கைக்கும் ஏவல் செய்யும் வாளாயிற்று. தப்பியபின் தாரன் தன் வீரத்தை வியக்க, உடன் வந்த ஐலொன்வி என்னும் இளவரசியே அது வாளின் மாயம் என்று சொல்லிவிடுகின்றாள். குறை இன்னதென்பதைப் படமே அறிந்திருக்கின்றது, அறிந்தும் தீர்க்கவில்லை.

மூதாட்டியரிடம் அவன் விலையாகக் கொடுப்பதும் அவ்வாளையே. கொடுப்பதற்கு வருந்துகின்றான் என்பது மெய்தான். ஆனால் அவ்வாள் சற்றுமுன் வழியிற் கிடைத்த பொருள். அவன் உள்ளத்தை மாற்றிய பொருள் அன்று. அணியை இழந்த தாரன் தன்னுள் ஒரு பகுதியை இழந்தான். வாளை இழந்த தாரன் கையில் இருந்த ஒன்றை இழந்தான். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே நூலுக்கும் படத்துக்கும் உள்ள வேற்றுமை.

அடேயன் படத்தில் இல்லை, குவிடியன் இல்லை, எலிடிரும் இல்லை. அறிவு காட்டுவாரும், வழி காட்டுவாரும், தலைவனுக்கு எதிர்நிழலாய் நிற்பவனும் ஆகிய மூவரும் நீங்கியமையால், தாரனை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் இல்லாது போயிற்று. பெற்றோர் யார் என்ற ஏக்கமும் படத்தில் தலைகாட்டவில்லை. எலிடிர் செய்த உயிர்க்கொடை கர்கி என்னும் நகைப்புக்குரிய சிறு பிராணிக்குப் போய்ச் சேர்ந்தது. தாரன் கிடாரத்துட் பாய முற்படுகின்றான். கர்கி தடுத்துத் தான் பாய்கின்றது. எண்ணம் தலைவனுடையது, செயல் பிறிதொன்றனுடையது. அச்செயலும் நிலைக்கவில்லை, சில நிமிடங்களில் கர்கி உயிரோடு மீள்கின்றது. உயிர் கொடுத்தாலன்றி அடங்காத கலம் என்று அச்சுறுத்திவிட்டு, கொடுத்த உயிரைத் திருப்பிக் கையில் வைத்தாற் காண்போன் நெஞ்சில் எது தங்கும்?

ஈண்டு ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. மூதாட்டியர் வாளைத் திரும்பத் தர முன்வருகையில், பன்றி காக்கும் எனக்கு வாள் எதற்கு என்ற கருத்துப்பட மறுத்து, கர்கியின் உயிரையே தாரன் கேட்கின்றான். நல்ல மறுமொழி, முதல்நூலின் உள்ளத்தோடு ஒத்த மறுமொழி. ஆனால் அதற்கு முன் சென்ற ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவன் எதைக் கண்டு அத்தெளிவைப் பெற்றான் என்று கேட்டால், படத்தில் விடையில்லை. விதையாது விளைந்த கதிர்போல் அவ்வுரை தனித்து நிற்கின்றது. காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டுமெனத் தண்டியலங்காரம் விதித்தது. சிறுவர் கதைத் தலைவன் தொடக்கத்திலேயே அத்தகையனாதல் வேண்டா. ஆயினும் கதை முடியும்போது அவன் தொடங்கிய இடத்தினின்றும் தன் காலால் நடந்து வந்தவனாக இருத்தல் வேண்டும். படத்துத் தாரன் பிறர் தூக்கி வைத்த இடத்தில் நிற்கின்றான்.

தலைவன் தட்டையாய் நின்றமை ஒரு குறை. நெறியாள்கை ஒருசீராய் அமையாமை மற்றொன்று. அச்சமும் நகையும் மெய்ப்பாடு எட்டனுள் அடங்கும். அவை இரண்டும் ஒரு கதையுள் வருதல் குற்றமன்று. ஒன்று மற்றொன்றை அழிக்குமாறு வருதலே குற்றம். கொம்புடை மன்னனின் கோட்டை, அவன் மண்டையோட்டு முகம், பச்சைப் புகையினின்று எழும் பிணப்படை ஆகியவை காண்போரை உறையச் செய்வன. அவனருகே கிறீப்பர் என்னும் குள்ள ஏவலாளன் கழுத்து நெரிபட்டுத் துடிப்பது நகைச்சுவையாக மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றது. அஞ்சத்தக்கவன் முன் சிரித்துப் பழகிய சிறுவன் பின்னர் எப்படி அஞ்சுவான்? கோட்டையை விட்டு நீங்கியதும் தொட்டிற்பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க ஒளிச்சிறகுக் குறுமக்கள் வருகின்றனர். அதன்பின் சதுப்புநிலம். முதல்நூலின் மூதாட்டியர் சிரிப்பினூடே ஊழின் குளிர்ச்சியைத் தம்பாற் கொண்டவர். படத்திலோ அவருள் ஒருத்தி பாணனாகிய பிளூடர்மேற் காதல் கொண்டு துரத்த, அவன் தவளையாக உருமாறி அல்லற்படுகின்றான். தாரன் வாழ்வில் முதன்முதல் ஒன்றைத் துறக்கவேண்டிய இடம் அது. அவ்விடத்திற் கூத்து நிகழ்த்துதலை மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்தின்பாற் படுத்தாது வேறென் செய்வது?

இச்சீரின்மைக்குப் புறக்காரணங்கள் உண்டு. வோல்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் மறைந்தார். அவரோடு வளர்ந்த மூத்த ஓவியர்கள் 1970களில் ஒருவர்பின் ஒருவராய் ஓய்வுபெற்றனர். 1979 இல் டொன் புளூத் என்பவர் இளம் ஓவியர் சிலரோடு நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 1970களின் முற்பகுதியில் உரிமை பெற்ற இக்கதை பல கைகளிற் புரண்டது. ஜோன் மஸ்கர் முதலில் நெறியாளருள் ஒருவராய் இருந்து, கருத்து ஒவ்வாது நீங்கினார். பின்னாளிற் புகழ்பெற்ற ரிம் பேர்ட்டன் வரைந்த மாதிரி உருவங்கள் கொள்ளப்படவில்லை. படம் முடியும் தறுவாயில், 1984 இல், நிறுவனத்தின் தலைமையே மாறிற்று. புதிதாய் வந்த ஜெப்றி காட்சென்பேர்க் முன்னோட்டக் காட்சியைக் கண்டு, கொடூரமானவை எனத் தோன்றிய பகுதிகளை வெட்டப் பணித்தார். ஏறத்தாழ 12 நிமிட அளவு நீங்கிற்று. வெளியீடும் 1985 நடுப்பகுதிக்குத் தள்ளிப்போயிற்று. பிணப்படை எழும் இடத்தில் இசை திடீரெனத் தாவுவதைக் கூர்ந்து கேட்பார் இன்றும் உணரலாம். நல்ல ஆடையைத் தைத்து முடித்தபின் கத்தரி வைத்தாற் போன்றது அது.

ஆயினும் இக்காரணங்கள் முழு விடையாகா. பல கைபட்டதனாற் கெட்டது என்போர், 1940 இல் அதே நிறுவனம் எடுத்த ‘பினோக்கியோ’வை எண்ணுக. கொலோடியின் இத்தாலியக் கதையை அதுவும் பெரிதும் மாற்றிற்று. அதனிலும் நெறியாளர் பலர். எனினும் பொய் சொல்லும் மரப்பாவை மெய்யான பிள்ளையாகும் பாதை ஓரிடத்தும் அறவில்லை. தந்தையை மீட்கத் தன்னைப் பொருட்படுத்தாது கடலுட் புகும் பிள்ளையை யாரும் மறவார். இன்னும் அணித்தாகக் காட்டுவோம். கருங்கிடாரத்தினின்று நீங்கிய மஸ்கர் பிறர் மூவரோடு சேர்ந்து நெறியாண்ட ‘பெரிய எலித் துப்பறிவாளன்’ 1986 இல் வந்தது. அதுவும் தழுவலே, ஈவ் ரைற்றஸ் என்பாரின் சிறுவர் கதைகளே அதற்கு முதல்நூல். நெறியாளர் நால்வர், செலவோ மிகக் குறைவு. ஆனால் அதன் தலைவனாகிய எலிக்குச் செருக்கும், சோர்வும், சோர்விலிருந்து எழும் ஆற்றலும் உண்டு. ஆகவே படம் எழுந்து நின்றது. கைகள் பலவாதல் தவறன்று. அவற்றை ஆளும் கருத்து ஒன்றாதல் வேண்டும். அக்கருத்துக்கு உறைவிடம் கதைத் தலைவனே. தலைவன் யார் என்று தெளிந்தால், எங்கு நகைத்தல், எங்கு அஞ்சுதல், எதை வெட்டுதல் என்பன தாமே தெளியும். ஆதலின் நாம் கூறிய குறை இரண்டல்ல, ஒன்றே. தலைவன் தட்டையானமையின் நெறியாள்கை பிடியின்றி அலைந்தது.

குறையே கூறி முடித்தல் நடுவுநிலையன்று. பின்னணி ஓவியங்களின் இருண்ட அழகும், எல்மர் பேர்ன்ஸ்ரைனின் இசையும், கொம்புடை மன்னனுக்கு ஜோன் ஹேர்ட் கொடுத்த குரலும் பாராட்டற்பாலன. இன்னிசைப் பாடல்களை நம்பியிராது, சித்திரப் படத்தைப் பெருங்கதைக்கு உரிய கருவியாக்க முயன்ற துணிவும் பெரிதே. நூலாசிரியர் அலெக்சாந்தரும் படத்துக்கும் தம் நூலுக்கும் ஒப்புமை இல்லை என்று கூறியவர், தனியே ஒரு படமாக அதனைத் தாம் சுவைத்ததாகவும் பெருந்தன்மையோடு குறிப்பிட்டார். முதல்நூலை நாடுமாறு வாசகரைத் தூண்டியமையும் அவர் வேண்டுகோளின் உட்கிடை. நாமும் அதனையே வற்புறுத்துவோம்.

தொகுத்தல் எளிய தொழில் அன்று. இரு நூல்களை எண்பது நிமிடத்துள் அடக்க முயல்வோன் பலவற்றை விடத்தான் வேண்டும். பெயர்களை விடலாம்; போர்களை விடலாம்; நாடு நகரங்களை விடலாம். விடத்தகாதது ஒன்று உண்டு: தலைவன் எதைக் கொடுத்துத் தன்னைப் பெற்றான் என்பது. அதனை விட்டபின் மற்றவற்றை எவ்வளவு பொருள் செலவிட்டுத் தீட்டினாலும், பழைய கிடாரத்தினின்று எழுந்த வீரர் போலவே கதையும் நடமாடும்; பேசாது.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். படம் பார்த்துவிட்டு வரும் மாணவனைக் கடிந்து நூலைத் திணித்தல் வேண்டா. படம் நன்றாயிருந்ததா என்றும் கேட்க வேண்டா. ஆம், இல்லை என்ற விடையோடு அவன் போய்விடுவான். ‘உன் தலைவன் எதைப் பெற்றான்? அதற்கு எதை விட்டான்?’ என்று கேளுங்கள். முதல் வினாவுக்கு உடனே விடை வரும். இரண்டாவதற்குச் சற்றே தயங்குவான். அத்தயக்கத்தின்போது முதல்நூலை அவன் கையிற் கொடுத்துவிடுங்கள். வழிநூலை மதிப்பிட அவன் கற்கத் தொடங்குவது அப்போதுதான். நாளைக்குத் தானே ஒன்றைத் தழுவி எழுதவும் நடிக்கவும் முற்படும்போது அக்கல்வி அவனுக்குக் கைகொடுக்கும்.